நெருப்பை வலையில் அடைத்த விஞ்ஞானி

1812-ம் ஆண்டு மே மாதம் 25-ந்தேதி.

இங்கிலாந்தின் வடபகுதியில் பெல்லிங் என்று ஓர் ஊர். அங்கே ஒரு நிலக்கரிச் சுரங்கம். பகல் 11½ மணி இருக்கும். ஒரு ஷிப்டு ஆட்கள் வேலையை முடிக்கும் நேரம். அடுத்த ஷிப்டு ஆட்கள் உள்ளே இறங்கியிருந்தார்கள்.

திடீரென்று பூமி அதிர்ந்தது. சுரங்கத்தின் வாய் வழியாகத் தீ பீறிட்டது. அதன் பின்னால் கரித்தூள் கருமேகம் போல் எழுந்தது. பக்கத்து ஊரில் பட்டப்பகலிலேயே அந்தி போல இருட்டியது.

வீட்டுப் பெண்கள் அலறிக்கொண்டு சுரங்க வாசலுக்கு ஓடி வந்தார்கள். கணவனைத் தேடினவர்கள் உண்டு. கணவனையும் பிள்ளைகளையும் சேர்த்துத் தேடினவர்களும் உண்டு. சிறுவர்களும் சுரங்கத்தில் வேலை செய்த காலம் அது.

மொத்தம் 92 பேர் மாண்டார்கள். உள்ளே தீ அணையவில்லை. காற்றுப் புகாமல் சுரங்கத்தின் வாயை அடைத்தார்கள். ஆறு வாரம் கழித்துத்தான் திறக்க முடிந்தது. அதன் பிறகே பெரும்பாலான உடல்கள் வெளியே வந்தன.

இத்தனைக்கும் காரணம் என்ன? வெளிச்சம்!

எமனான மெழுகுவர்த்தி

சுரங்கத்துக்குள் பகலும் இல்லை, இரவும் இல்லை. எப்போதும் கும்மிருட்டு. கரி வெட்ட வேண்டுமானால் விளக்கு வேண்டும். அந்தக் காலத்தில் மின்சார விளக்கு ஏது? மெழுகுவர்த்திதான்.

ஆனால் நிலக்கரிப் பாறையின் இடுக்குகளிலிருந்து ஒரு வாயு கசியும். அதன் பெயர் மீத்தேன். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வந்து சேர்ந்தது ஒருவருக்கும் தெரியாது. நூறு பங்கு காற்றில் ஐந்து முதல் பதினைந்து பங்கு வரை இந்த வாயு கலந்துவிட்டால் போதும். ஒரு மெழுகுவர்த்திச் சுடர் பட்டதும் வெடித்துவிடும்.

விளக்கு இல்லாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் சோறு இல்லை. விளக்கு ஏற்றினாலோ உயிர் இல்லை.

நெருப்பில்லாமல் வெளிச்சம் உண்டாக்க ஒரு யந்திரம் செய்து பார்த்தார்கள். எஃகுச் சக்கரத்தைச் சுழற்றி, அதில் சிக்கிமுக்கிக் கல்லைத் தேய்த்து, அந்தத் தீப்பொறியின் வெளிச்சத்தில் வேலை செய்தார்கள். அந்தப் பொறியே வாயுவைப் பற்ற வைத்ததும் உண்டு.

பெல்லிங்கில் மாண்டவர்களை அடக்கம் செய்தவர் ஜான் ஹாட்ஜ்சன் என்ற பாதிரியார். அவர் சும்மா இருக்கவில்லை. விபத்தின் விவரத்தைப் புத்தகமாக எழுதி வெளியிட்டார். மாண்டவர்களின் பெயர்களையும் அதில் அச்சிட்டார். ஊர் விழித்தது. சுரங்க விபத்துக்களைத் தடுக்கச் சண்டர்லாந்து நகரில் 1813-ல் ஒரு சங்கம் ஏற்பட்டது. இந்தத் துன்பத்தைத் தீர்க்கக்கூடிய விஞ்ஞானி யார் என்று அந்தச் சங்கத்தார் தேடினார்கள்.

அப்போது நாடெங்கும் புகழ் பெற்றிருந்த ஒரு விஞ்ஞானி இருந்தார். அவர்தான் சர் ஹம்ப்ரி டேவி.

மரச் சிற்பியின் மகன்

டேவி 1778-ம் ஆண்டு டிசம்பர் 17-ந்தேதி பிறந்தார். ஊர் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கடற்கரையில் உள்ள பென்சான்ஸ். தகப்பனார் மரத்தில் சிற்பம் செதுக்குகிறவர்.

சிறுவன் ஹம்ப்ரிக்குப் பள்ளிக்கூடப் பாடத்தைவிட மீன் பிடிப்பதிலும் கதை சொல்வதிலும்தான் ஆசை அதிகம். பட்டாசு செய்து வெடிப்பது அவனுக்குப் பிடித்த விளையாட்டு.

அவனுக்குப் பதினாறு வயது முடிவதற்குள் தகப்பனார் இறந்துவிட்டார். அவர் வைத்துவிட்டுப் போனது கடன்தான். குழந்தைகள் ஐந்து பேர். ஹம்ப்ரிதான் மூத்தவன். தாயார் மனம் தளரவில்லை. பெண்களுக்கான தொப்பி முதலியவை விற்கும் கடை ஒன்றை நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

ஹம்ப்ரியை அந்த ஊர் வைத்தியர் ஒருவரிடம் வேலை பழக விட்டார்கள். காலேஜுக்கு அனுப்ப வசதி இல்லை. பையன் மருந்து கலக்கக் கற்றான். ஓய்வு நேரத்தில் புத்தகம் படித்தான். பிரெஞ்சு ரசாயன மேதை லவாசியே எழுதிய நூலைப் படித்ததும் அவன் மனம் ரசாயனத்திலேயே லயித்துவிட்டது. கிடைத்த பாத்திரங்களை வைத்துக்கொண்டு தானே சோதனைகள் செய்தான்.

நல்ல காலம், அவனுக்கு நல்லவர்கள் துணை கிடைத்தார்கள். நீராவி யந்திரத்துக்குப் பெயர் பெற்ற ஜேம்ஸ் வாட்டின் மகன் கிரெகரி வாட், டேவியின் வீட்டில் வந்து தங்கினார். டேவீஸ் கிட்டி என்ற பெரியவரும் பையனின் அறிவைக் கண்டு வியந்தார். இவன் எந்தக் காலேஜில் படித்தான் என்று அவர்கள் கேட்கவில்லை. இவனுக்கு என்ன தெரியும் என்றுதான் பார்த்தார்கள். பத்தொன்பது வயதில் டேவிக்குப் பிரிஸ்டல் நகரில், வாயுக்களை வைத்து நோய் தீர்க்கும் ஒரு நிலையத்தில் வேலை கிடைத்தது.

அங்கே டேவி செய்த சோதனைகள் பயங்கரமானவை. வாயுக்களைத் தாமே மூச்சில் இழுத்துப் பார்ப்பார். ஒரு முறை நச்சு வாயுவை இழுத்துச் சாவின் வாசல் வரை போய்த் திரும்பினார். சிரிப்பூட்டும் வாயு என்று சொல்லப்படும் நைட்ரஸ் ஆக்ஸைடையும் ஆராய்ந்தார். ரண சிகிச்சையில் வலி தெரியாமல் இருக்க அது உதவலாம் என்று 1800-லேயே எழுதினார். வைத்தியர்கள் அதைக் கைக்கொள்ள இன்னும் நாற்பது வருஷங்களுக்கு மேல் ஆயிற்று.

லண்டனில் கூட்டம்

1801-ல் டேவி லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனுக்கு வந்தார். வந்த மறு வருஷமே பேராசிரியர் ஆனார். அப்போது வயது இருபத்து மூன்று!

அவருடைய பிரசங்கத்தைக் கேட்கச் சீமான்களும் சீமாட்டிகளும் திரண்டார்கள். அந்தத் தெருவில் கோச்சு வண்டிகளின் நெரிசல் தாங்கவில்லை. அதனால்தான் லண்டனிலேயே முதல் ஒருவழிப் பாதையாக அது ஆக்கப்பட்டது என்று சொல்வார்கள்.

1807-ல் டேவி மின்சாரத்தைச் செலுத்திப் பொட்டாசியம் என்ற புது உலோகத்தைப் பிரித்தெடுத்தார். அதைக் கண்டதும் ஆராய்ச்சிசாலையில் குதித்து ஆடினார். அடுத்தடுத்து சோடியம், கால்சியம், மக்னீசியம், பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆகியவற்றையும் பிரித்தார்.

1812-ம் ஆண்டு ஏப்ரலில் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது. மூன்று நாள் கழித்துக் கல்யாணம் நடந்தது. மனைவி பணக்காரர். மறு வருஷம் ஓர் ஏழைக் கருமானின் மகனை டேவியின் உதவியாளாக ராயல் இன்ஸ்டிடியூஷனில் சேர்த்தார்கள். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் மின்சார மேதையாக விளங்கிய மைக்கேல் பாரடே.

பெல்லிங் சுரங்கம் வெடித்ததும் அதே 1812-ல்தான். மகன் இறந்த வீட்டில் அழுகை ஓயாத அந்த நாட்களில், சுரங்கத்துக்கும் டேவிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

புட்டியில் வந்த எமன்

டேவி ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் செய்துவிட்டு 1815-ல் ஊர் திரும்பினார். சங்கத்தாரின் அழைப்பு வந்தது. ஆகஸ்டு மாதம் அவர் வடக்கே போய்ச் சுரங்கங்களைப் பார்த்தார். ஜான் படில் என்ற சுரங்க மேற்பார்வையாளரிடமும், பாதிரியார் ஹாட்ஜ்சனிடமும் எல்லாவற்றையும் கேட்டறிந்தார்.

சுரங்கத்தில் கசியும் வாயுவைப் புட்டிகளில் அடைத்து லண்டனுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். ஹாட்ஜ்சன் அப்படியே அனுப்பி வைத்தார்.

டேவியும் பாரடேயும் ஆராய்ச்சியில் இறங்கினார்கள். இது அவருடைய உத்தியோகம் அல்ல. சம்பளம் கொடுத்து யாரும் அவரை அமர்த்தவும் இல்லை.

அவர் முதலில் கண்டது ஒரு விசித்திரம். வாயு ஒரு பாத்திரத்தில் வெடித்தால், அந்தத் தீ அகலமான குழாய் வழியே அடுத்த பாத்திரத்துக்குப் பாய்கிறது. ஆனால் மிகவும் ஒடுங்கிய குழாய் வழியே பாயவில்லை! கண்ணாடிக் குழாயைவிட உலோகக் குழாய் தீயை நன்றாகத் தடுத்தது.

ஏன்? உலோகம் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. சூடு குறைந்தால் வாயு பற்றாது. தீ அங்கேயே நின்றுவிடுகிறது.

குழாய் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது என்றால், குழாயை ஏன் வெறும் துவாரமாகவே குறைத்துவிடக் கூடாது? ஆயிரக்கணக்கான சின்னத் துவாரங்கள் இருந்தால் காற்று தாராளமாகப் போய் வருமே! அப்படிப்பட்ட பொருள் நம் வீட்டுச் சல்லடையில் இருக்கிறது. அதுதான் கம்பி வலை.

சாதாரண எண்ணெய் விளக்கு. அதைச் சுற்றிலும் மேலும் கம்பி வலைக் கூண்டு. வலையின் ஒரு சதுர அங்குலத்தில் 784 கண்கள். இவ்வளவுதான் டேவி விளக்கு!

வாயு வலைக்குள் நுழையும். உள்ளே எரியும். ஆனால் அந்தத் தீ வலையைத் தாண்டி வெளியே வராது. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வழி உண்டு, தீக்கு வழி இல்லை.

இன்னும் ஒரு நன்மை. ஆபத்தான வாயு வந்தால் சுடர் நீண்டு நீல நிறம் காட்டும். மூச்சு முட்டும் கெட்ட காற்று இருந்தால் சுடர் மங்கி அணையும். விளக்கே காவல்காரனாகவும் ஆகிவிட்டது.

1816-ம் ஆண்டு ஜனவரியில் ஹெப்பர்ன் சுரங்கத்தில் விளக்கைச் சோதித்தார்கள். படில் அந்த விளக்கை வாயு நிறைந்த இடத்தில் தொங்கவிட்டுப் பார்த்தபோது வலை பழுக்கக் காய்ந்து சிவந்தது. அவருக்கு உடல் சிலிர்த்தது. ஆனால் சுரங்கம் வெடிக்கவில்லை! கண் முன்னால் எமன் கூண்டில் அடைபட்டு நின்றான்.

வேண்டாம் என்ற செல்வம்

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் அதைச் சர்க்காரில் பதிவு செய்துகொள்ளலாம். அப்புறம் அவர் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அதைச் செய்து விற்க முடியாது. செய்கிறவர்கள் அவருக்குப் பணம் கட்ட வேண்டும். இதற்குப் பேடண்ட் உரிமை என்று பெயர்.

டேவியிடம் படில் இதை எடுத்துச் சொன்னார். வருஷத்துக்கு ஐயாயிரம், பத்தாயிரம் பவுண்டு கூட வரும் என்று கணக்குக் காட்டினார். அந்தக் காலத்தில் அது மலை போன்ற பணம்.

டேவி மறுத்துவிட்டார். தமக்கு வேண்டிய பொருள் இருக்கிறது என்றும், மனித குலத்துக்கு உதவுவதே தம் நோக்கம் என்றும் கூறிவிட்டார்.

அதோடு நிற்கவில்லை. விளக்கை எப்படிச் செய்வது, வலைக்கண் எத்தனை இருக்க வேண்டும், கம்பி எவ்வளவு கனம் இருக்கலாம் என்பதையெல்லாம் எழுதி அச்சிட்டார். தகர வேலை தெரிந்த எவரும் பார்த்துச் செய்யலாம். யாரிடமும் கேட்க வேண்டாம். காசும் கட்ட வேண்டாம். சில வருஷங்களில் அந்த விளக்கு கடல் கடந்து ஐரோப்பாவின் சுரங்கங்களுக்கும் போயிற்று.

நன்றி கூறச் சுரங்க முதலாளிகள் பணம் திரட்டினார்கள். 1817-ல் நியூகாசில் நகரில் விருந்து வைத்து, 2,000 பவுண்டுக்குக் குறையாத மதிப்புள்ள வெள்ளிப் பாத்திரங்களை டேவிக்குப் பரிசளித்தார்கள். மறு வருஷம் சர்க்கார் அவருக்குப் பாரனெட் பட்டம் கொடுத்தது.

புகழுக்கு வந்த சண்டை

பணத்தை வேண்டாம் என்று சொன்னவரால் புகழை வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

அதே வடநாட்டில், கில்லிங்வொர்த் சுரங்கத்தில் யந்திரம் பார்க்கும் வேலையில் ஒருவர் இருந்தார். பதினெட்டு வயது வரை எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் பெயர் ஜார்ஜ் ஸ்டீவன்சன். பின்னாளில் ரெயில் வண்டியால் உலகப் புகழ் பெற்றவர் அவரே.

அவரும் ஒரு பாதுகாப்பு விளக்குச் செய்திருந்தார். 1815 அக்டோபரில், வாயு சீறும் இடத்துக்குத் தாமே அதை ஏந்திப் போய், உயிரைப் பணயம் வைத்துச் சோதித்தார். டேவி தம் ஆராய்ச்சியை ராயல் சொசைட்டியில் படித்ததோ நவம்பரில்தான்.

டேவிக்குக் கோபம் பொங்கியது. படிக்காத ஒரு சுரங்கத் தொழிலாளிக்கு இது எப்படித் தெரியும் என்று நினைத்தார். ஸ்டீவன்சன் தம் கருத்தைத் திருடிவிட்டார் என்றே கடைசி வரை நம்பினார். முதலாளிகளின் கமிட்டி ஸ்டீவன்சனுக்கு 100 கினிதான் கொடுத்தது. அவருடைய ஊர்க்காரர்கள் விடவில்லை. தாங்களே பணம் சேர்த்து அவருக்கு 1,000 பவுண்டு கொடுத்தார்கள்.

இருவரும் தனித்தனியே விளக்கைக் கண்டார்கள் என்றே இன்று சரித்திர ஆசிரியர்கள் கருதுகிறார்கள். டேவி நெருப்பின் குணத்தை ஆராய்ந்து கண்டார். ஸ்டீவன்சன் சுரங்கத்தில் நின்று கைப்பழக்கத்தால் கண்டார்.

டேவியும் ஒரு காலத்தில் காலேஜ் வாசல் மிதிக்காத பையன்தானே? அன்று கிரெகரி வாட்டும் டேவீஸ் கிட்டியும் அவரைப் பார்த்த கண்ணால், டேவி ஸ்டீவன்சனைப் பார்க்கவில்லை. தம் கீழ் வேலை பழகிய பாரடே ராயல் சொசைட்டியில் அங்கம் பெறுவதையும், 1820 முதல் அதன் தலைவராக இருந்த டேவி எதிர்த்தார். 1824-ல் பாரடே அங்கத்தினர் ஆகிவிட்டார்.

கசப்பான கணக்கு

விளக்கு வந்ததும் சாவு நின்றுவிட்டதா?

1835-ல் பார்லிமெண்டுக் கமிட்டி ஒன்று கணக்குப் பார்த்தது. விளக்கு வருவதற்கு முந்திய 18 வருஷங்களில், டர்ஹாம், நார்தம்பர்லாந்து என்ற இரண்டு ஜில்லாக்களில் சுரங்க விபத்துக்களில் மாண்டவர்கள் 447 பேர். விளக்கு வந்த பின் 18 வருஷங்களில் மாண்டவர்கள் 538 பேர்!

ஏன் இப்படி? பாதுகாப்பு விளக்கு இருக்கிறது என்ற தைரியத்தில், முன்பு ஆபத்து என்று மூடிய இடங்களையெல்லாம் முதலாளிகள் திறந்தார்கள். இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். காற்றோட்டத்துக்குச் செலவு செய்வதற்குப் பதில் விளக்கை நம்பினார்கள்.

விளக்கிலும் குறை இருந்தது. வெளிச்சம் போதாது. அதனால் சில தொழிலாளர்கள் வலையைக் கழற்றிவிட்டே வேலை செய்தார்கள். வலை துருப்பிடித்துக் கிழிந்தாலும் ஆபத்து. காற்று வேகமாக வீசினால் தீ வலையைத் தாண்டிவிடும்.

ஆனால் விளக்குக்குப் பூட்டுப் போட்டு உரிமை கொண்டாட ஒருவரும் இல்லை. அதனால் யாரும் அதைத் திருத்த முடிந்தது. சண்டர்லாந்து டாக்டர் கிளானி, டேவிக்கு முன்பே ஒரு விளக்குச் செய்தவர். அவர் சுடரைச் சுற்றிக் கண்ணாடி வைத்து வெளிச்சத்தைப் பெருக்கினார். 1840-ல் பெல்ஜியத்தில் மியூசலர் என்பவர் உள்ளே ஒரு புகைபோக்கி வைத்தார். பிரான்சில் மார்சோ என்பவர் ஒன்றுக்கு மேற்பட்ட வலைகளை வைத்தார். பல தேசத்துக் கைகள் பட்டு அந்த விளக்கு வளர்ந்தது. காற்றோட்டமும் சட்டமும் அதோடு சேர்ந்தபோதுதான் தொழிலாளிக்குப் பாதுகாப்பு வந்தது.

வெள்ளி கொடுத்த மெடல்

1826-ம் ஆண்டு இறுதியில் டேவிக்குப் பக்கவாதம் கண்டது. மறு வருஷம் ராயல் சொசைட்டித் தலைவர் பதவியை விட்டார். உடல் தேற வெளிதேசம் போனார். சிறு வயதில் பழகிய தூண்டிலே கடைசிக் காலத்திலும் அவருக்குத் துணையாக இருந்தது. மீன் பிடிப்பதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

1829-ம் ஆண்டு மே மாதம் 29-ந்தேதி சுவிட்சர்லாந்தில் ஜினீவா நகரில் டேவி காலமானார். வயது ஐம்பதுதான். பிள்ளை இல்லை.

விளக்குக்காக வந்த வெள்ளிப் பாத்திரங்கள் என்ன ஆயின? மனைவியின் காலத்துக்கும் தம்பியின் காலத்துக்கும் பிறகு, அவற்றை உருக்கி விற்று, ரசாயன ஆராய்ச்சிக்கு ஒரு மெடல் ஏற்படுத்த வேண்டும் என்பது டேவியின் விருப்பம். அப்படியே நடந்தது. 1877-ல் ராயல் சொசைட்டி முதல் டேவி மெடலை வழங்கியது. அவருடைய நாட்டுக்காரருக்குக் கூட அல்ல. பன்சன், கிர்ச்சாப் என்ற இரண்டு ஜெர்மன் விஞ்ஞானிகளுக்கு!

இன்று சுரங்கத் தொழிலாளிகள் தொப்பியில் எல்.இ.டி. மின்விளக்கு மாட்டிக்கொள்கிறார்கள். நாம் கையில் பிடிக்கும் டார்ச் விளக்குகள் சிலவற்றிலும் ஒரு துளிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டுவது, குறைப்பது, சூடு மிஞ்சினால் தானே மங்குவது எல்லாம் அதில் எழுதி வைத்த புரோகிராமின் வேலை. அந்தப் புரோகிராமைப் பொழுதுபோக்காக எழுதி, காசு வாங்காமல், யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று ஊருக்குக் கொடுப்பவர்கள் உண்டு. முன்பு எழுதியவரின் பெயரை மறைக்கக் கூடாது என்பதுதான் அவர்களில் பலர் போடும் நிபந்தனை. டேவி கொடுத்தது போலக் கொடுக்கிறார்கள். டேவி போட்ட சண்டைக்கும் அதில் வழி வைத்திருக்கிறார்கள்.

பென்சான்ஸ் கடைத்தெருவில், டேவி பிறந்த இடத்துக்குப் பக்கத்தில், 1872-ல் அவருக்குச் சிலை வைத்தார்கள். புது உலோகங்கள் பலவற்றைக் கண்டவர் அவர். ஆனால் சிலையின் கையில் இருப்பது, ஏழைத் தொழிலாளி சுரங்கத்துக்குள் ஏந்திப் போன அந்தச் சிறு விளக்குத்தான்.